வேகத்தைப் படம் பிடிப்பது எப்படி?

பந்தயத்தில் பாய்ந்து செல்லும் காரைப் படமெடுத்து வந்து வீட்டாரிடம் காட்டினால், "இந்தக் காரை எங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள்?" என்று கேட்பதுண்டு. காரின் எழுத்துகள் தெளிவாக உள்ளன. சக்கரங்கள் தெளிவாக உள்ளன. பின்னாலுள்ள வேலியும் தெளிவாக உள்ளது. வேகம் ஒன்றுதான் படத்தில் இல்லை. இது காமிராவின் குறையன்று. வேகத்தைக் கண்ணுக்குக் காட்டுவது கார் மட்டுமன்று. காருக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வேறுபாடே என்பதை அறியாததன் விளைவு.

ஓடும் ரயிலில் அமர்ந்திருப்பவருக்கு எதிரில் இருப்பவர் அசையாமல் தெரிகிறார். சன்னலுக்கு வெளியே மரங்கள் பின்னோக்கி ஓடுகின்றன. ரயில் ஓடுகிறது என்பதை அந்த மரங்களே உணர்த்துகின்றன. புகைப்படக்காரர்கள் 'பேனிங்' என்று சொல்லும் முறையின் அடிப்படையும் இதுவே. கார் செல்லும் திசையில், கார் செல்லும் அளவுக்கே காமிராவையும் திருப்பிக்கொண்டு, அந்தத் திருப்பத்தின் நடுவில் ஷட்டரை அழுத்த வேண்டும். கார் தெளிவாகப் பதியும். பின்னணி கோடுகளாக இழுபடும்.

சிங்கப்பூரில் கார்ப் பந்தயம்

சிங்கப்பூருக்குப் பந்தயம் புதிதன்று. லிட்டில் இந்தியாவிலுள்ள ரேஸ் கோர்ஸ் ரோடு, அங்கே குதிரைகள் ஓடிய காலத்தின் நினைவுச் சின்னம். அந்தக் குதிரைப் பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்கு மாறியது. கார்ப் பந்தயம் 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலைப் பகுதியில், பொதுச் சாலையை அடைத்து நடத்தப்பட்டது. வளைவு மிகுந்த அந்தப் பாதையில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1973க்குப் பின் பந்தயம் நின்றது. 2008இல் மரினா பே பகுதியில் கிராண்ட் பிரீ பந்தயம் மீண்டும் தொடங்கியது. ஃபார்முலா 1 வரலாற்றில் இரவில் நடந்த முதல் பந்தயம் அதுவே.

கோணமே கணக்கு

மணிக்கு 288 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 80 மீட்டர். 1/60 விநாடி திறந்திருக்கும் ஷட்டருக்கு முன்னால் அந்தக் கார் 1.3 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். காமிரா அசையாமல் நின்றால் கார் வெறும் தீற்றலாகும். "இத்தனை வேகத்தைக் கை எவ்வாறு பின்தொடரும்?" என்று தொடக்கநிலையினர் அஞ்சுவது இயல்பே.

ஆனால் கை பின்தொடர வேண்டியது காரின் வேகத்தையன்று. அது திரும்பும் கோணத்தை. 80 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு நேர் எதிரே அந்தக் கார் வரும்போது, அவர் விநாடிக்கு ஏறத்தாழ 57 பாகை வீதம் திரும்பினால் போதும். 1/60 விநாடியில் இது 1 பாகைக்குள் அடங்கும். மணிக்கு 36 கிலோமீட்டரில் செல்லும் பேருந்தை 10 மீட்டர் தொலைவிலிருந்து தொடர்வதற்கும் இதே அளவுதான். மணிக்கு 18 கிலோமீட்டரில் போகும் சைக்கிளை 5 மீட்டரிலிருந்து தொடர்வதற்கும் இதே அளவுதான்!

ஆதலால் பந்தயக் காரைப் படமெடுக்கப் பழகப் பந்தய நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விலையுயர்ந்த நுழைவுச்சீட்டும் தேவையில்லை. சிராங்கூன் சாலையின் பேருந்தும் சைக்கிளுமே போதிய பாடம். பந்தயப் பாதைக்கு 20 மீட்டர் அருகில் நின்றால் கோண வேகம் நான்கு மடங்காகும் என்பதையும் இக்கணக்கு சொல்கிறது. எனவே புதியவர் சற்று விலகி நிற்பதோ, கார்கள் வேகம் குறைக்கும் வளைவைத் தேர்வதோ நன்று.

பழகும் முறை

முதலில், எந்த இடத்தில் படமெடுக்க வேண்டுமோ அந்த இடத்தை நோக்கிக் கால்களை ஊன்ற வேண்டும். பிறகு இடுப்புக்கு மேலே மட்டும் கார் வரும் பக்கம் திரும்ப வேண்டும். முழங்கைகள் உடலோடு ஒட்டியிருக்கட்டும். கார் தொலைவில் வரும்போதே காமிராவில் அதைப் பிடித்து, இடுப்பைத் திருப்பியே தொடர வேண்டும். நேர் எதிரே வந்ததும் ஷட்டரை மெல்ல அழுத்தி, அழுத்திய பின்னும் திருப்பத்தை நிறுத்தாமல் தொடர வேண்டும். பந்தை அடித்த மட்டை அக்கணமே நின்றுவிடுவதில்லை அல்லவா?

தொடக்கத்தில் 1/250 விநாடி; கை பழகியதும் 1/125, பிறகு 1/60. ஷட்டரின் வேகம் குறையக் குறையப் பின்னணி அழகாக இழுபடும், பிழைகளும் பெருகும். பகலில் வெளிச்சம் மிகுந்துவிடாமல் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். இரவுப் பந்தயத்தில் இச்சிக்கல் குறைவு.

கெட்டுப்போன படங்களை உடனே அழித்துவிடலாகாது, அவையே ஆசிரியர். காரும் பின்னணியும் பக்கவாட்டில் இழுபட்டிருந்தால், கை காரைவிட மெதுவாகவோ விரைவாகவோ திரும்பியிருக்கிறது. மேலும் கீழுமாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. காரின் முன்பகுதி வெட்டுண்டிருந்தால் விரல் தாமதித்திருக்கிறது.

புகழ்பெற்ற ஒரு பிழை

பிரெஞ்சுக்காரரான ழாக் ஹென்றி லார்த்திக் எடுத்த பந்தயக் கார்ப் படம் ஒன்று, 1912ஆம் ஆண்டுப் படமென வழங்குவது. அதில் சக்கரம் நீள்வட்டமாகி முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. வேடிக்கை பார்ப்போர் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றனர். அவருடைய காமிராவின் ஷட்டர் காட்சியைக் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாகவே பதிவு செய்தது. மேற்பகுதி பதிவதற்குள் கார் முன்னேறிவிட்டது. காமிராவைத் திருப்பிய கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அதனால் கார் முன்னே சாய்ந்தது. காமிரா திரும்பிக்கொண்டிருந்ததால் நின்ற மனிதர்கள் பின்னே சாய்ந்தனர். குறை என்று ஒதுக்கத்தக்க அந்தப் படத்தைப் போல வேகத்தைக் காட்டிய படங்கள் சிலவே.

ஓர் எச்சரிக்கை

காமிராவில் கண் வைத்தவர் ஒரு வண்டியை மட்டுமே காண்கிறார். பக்கத்தில் வரும் மற்றொன்றைக் காண்பதில்லை. ஆகவே சாலையில் பழகுவோர் நடைபாதையைவிட்டு ஓர் அடியும் இறங்கலாகாது. திரும்பும் வழியில் நடப்போர் உளரா என்று பார்த்தபின்பே காமிராவை உயர்த்த வேண்டும். தாம்சன் சாலையில் நேர்ந்த உயிரிழப்புகள், வேகம் எத்தகையது என்பதைச் சிங்கப்பூருக்கு அன்றே உணர்த்தின. வேகத்தைப் படமாக்க விரும்புவோர் முதலில் அதற்கு அஞ்சக் கற்க வேண்டும். அதன் பின்பே அதனோடு சேர்ந்து திரும்பக் கற்கலாம்.