ஜி.ஐ. பைப்பில் வெல்டிங்: வீட்டில் செய்யலாமா?

நம்மவர் வீடுகளில் ஜி.ஐ. பைப் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பால்கனியில் துணி காயப்போடும் ஸ்டாண்டு, துளசித் தொட்டிக்கு ஒரு தாங்கி, மொட்டை மாடியில் மழைக்காலத்துக்கு ஒரு ஷெட், கூடத்தில் ஊஞ்சல், நவராத்திரி வந்தால் கொலுப்படி என்று எல்லாவற்றுக்கும் அதுதான் துணை. சீக்கிரம் துரு ஏறாது, கடையில் எளிதாகக் கிடைக்கும், எடைக்கு எடை உறுதியானது.

முன்பெல்லாம் இந்த வேலைகளுக்கு ஃபேப்ரிகேஷன் கடைக்காரரைத் தேடிப் போவோம். அவர் "கல் ஆவோ" என்று நான்கு முறை அலையவிட்ட பிறகுதான் வேலை முடியும். இப்போது நிலைமை மாறிவிட்டது. ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் சில ஆயிரம் ரூபாய்க்கு வீட்டு வாசலுக்கே வந்து சேருகிறது. வாரம் முழுவதும் கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை ராடு பிடிக்க ஆசைப்படுகிறார்கள். டிப்ளமோ முடித்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ரயில்வேயில் இரும்போடு கழித்த எனக்கு இதில் மகிழ்ச்சியே. கைவேலை தெரிந்தவன் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வான்.

ஆனால் ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மெஷினோடு வரும் சிறு புத்தகத்தில் அதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிக்கு மேல் இருக்காது. அதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மலேரியா அல்லாத மலேரியா

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் கட்டடத்தில் நடந்தது இது. எதிர் ஃபிளாட்டுப் பையன், 26 வயது, ஊஞ்சலுக்கு ஒரு ஃபிரேம் செய்ய ஆரம்பித்தான். வெளியே மழை. சாரல் அடிக்கிறது என்று பால்கனியின் கண்ணாடிகளையெல்லாம் மூடிக்கொண்டு மதியம் முழுவதும் வேலை செய்திருக்கிறான். சாயங்காலம் தொண்டை வறண்டு, வாயில் ஏதோ இரும்பைச் சப்பியது போல ஒரு தித்திப்பு. இரவு 10 மணிக்கு உடம்பு தூக்கிப் போடும் குளிர், காய்ச்சல், கைகால் வலி.

மும்பையில் மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் என்றால் எந்தத் தாய்க்கும் முதலில் நினைவுக்கு வருவது மலேரியாவும் டெங்குவும்தான். மறுநாள் ரத்தப் பரிசோதனை. மலேரியா இல்லை, டெங்குவும் இல்லை, வெள்ளை அணுக்கள் மட்டும் கூடுதல். செவ்வாய்க்கிழமை பையன் ஒன்றுமே நடக்காதது போல ஆபீசுக்குப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு மீதி வேலையை முடித்தான். அன்று இரவே மறுபடியும் அதே குளிர், அதே காய்ச்சல். அந்த அம்மாள் பதறிப்போய் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"போன ஞாயிறும் இந்த ஞாயிறும் என்ன வேலைப்பா செய்தாய்?" என்று கேட்டேன்.

"ஊஞ்சல் ஃபிரேம்தான் மாமா. அதுக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்? தெருமுனைக் கடைக்காரர் தினமும் ஜி.ஐ. பைப்தான் ஒட்டறார். அவருக்கு ஒண்ணும் ஆகலையே!"

நல்ல கேள்வி. அதற்கான பதிலில்தான் விஷயமே இருக்கிறது.

துத்தநாகம் ஏன் புகைகிறது?

ஜி.ஐ. என்பது துத்தநாகப் பூச்சு ஏற்றிய இரும்பு. துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். இரும்பு உருகுவதற்கோ ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். ஆகவே நாம் இரும்பை உருக்கி ஒட்டவைக்கும் முன்பே, மேலிருக்கும் துத்தநாகம் ஆவியாகக் கிளம்பிவிடுகிறது.

இந்தக் குணத்தை நம் நாட்டவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். ராஜஸ்தானில் உதய்பூர் அருகே ஜாவர் என்ற இடத்தில், கத்தரிக்காய் வடிவ மண் குடுவைகளைக் கவிழ்த்து வைத்துச் சூடாக்கி, கீழிறங்கும் துத்தநாக ஆவியைக் குளிர்வித்து உலோகமாகச் சேகரித்தார்கள். உபயோகித்துக் கழித்த குடுவைகளை அடுக்கிக் கட்டிய சுவர்களை அங்கே இன்றும் காணலாம். அவர்கள் அந்த ஆவியைக் காற்றில் விடாமல் பிடித்தார்கள். நாமோ அதை மூக்கருகே திறந்துவிடுகிறோம்.

வெளியே வந்த ஆவி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துத்தநாக ஆக்சைடாகிறது. வெல்டிங் செய்யும்போது வெள்ளையாக எழும் அடர்ந்த புகையும், பஞ்சு போல மிதக்கும் துகள்களும் அதுதான். அந்தத் துகள்கள் மிகமிக நுண்ணியவை. நேராக நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை. உடம்பு அதை ஒரு தொற்றாகவே எண்ணிப் போராடுகிறது. சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வருவது அதனால்தான். மருத்துவர்கள் இதை உலோகப் புகைக் காய்ச்சல் என்பார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே தணிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வெல்டர்

இனி அந்தக் கடைக்காரர் விஷயம். இந்தப் புகையை நாள்தோறும் சுவாசிப்பவரின் உடம்பு அதற்குத் தற்காலிகமாகப் பழகிவிடும். இரண்டு நாள் விடுமுறை விட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். மறுபடி வேலைக்கு வரும் முதல் நாள் இரவே காய்ச்சல். மேல்நாட்டுத் தொழிற்சாலைகளில் இதற்குத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றே பெயர் உண்டு.

வாரம் ஒரு நாள் மட்டும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு ஞாயிறும் முதல் நாள்தான். ஆகவே கடைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நமக்கு ஆறுதல் ஆகாது. உண்மையில் அது அவருக்கும் ஆறுதல் இல்லை. காய்ச்சல் நின்றுவிட்டது என்பதால் புகை கெடுதல் செய்யவில்லை என்று பொருளாகாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், மூடிய அறையில் அதிகமாகப் புகையை உள்ளிழுப்பவர்களுக்கும் நிலைமை கடுமையாகலாம்.

பால் குடித்தால் அல்லது வெல்லம் தின்றால் புகை ஒன்றும் செய்யாது என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் சந்திப்பதில்லை. பாலைத் தாராளமாகக் குடியுங்கள், ஆனால் அதை முகமூடிக்குப் பதிலாக எண்ண வேண்டாம்.

முதலில் வெல்டிங், பிறகு பூச்சு

மின்சார ரயில் பாதையின் இருபுறமும் நிற்கும் கம்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அவையும் துத்தநாகப் பூச்சு பெற்றவையே. ஆனால் அவற்றை வெட்டுவது, துளையிடுவது, வெல்டிங் செய்வது எல்லாம் முடிந்த பிறகே உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். பூச்சு கடைசி வேலை. வீட்டில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். பூச்சு உள்ள பைப்பை வாங்கி வந்து, அந்தப் பூச்சையே எரிக்கிறோம். ஆபத்தும் இதனால்தான் வருகிறது, ஒட்டிய இடம் முதலில் துருப்பிடிப்பதும் இதனால்தான்.

ஆகவே முதல் யோசனை: வெல்டிங் செய்யப் போகிறீர்கள் என்றால் ஜி.ஐ. வாங்காதீர்கள். பூச்சில்லாத கறுப்பு எம்.எஸ். பைப் கேட்டு வாங்குங்கள். வெல்டிங் முடித்து, பிரைமரும் பெயிண்டும் அடித்தால் வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு அது தாராளம்.

இரண்டாவது யோசனை: ஜி.ஐ.தான் வேண்டும் என்றால் வெல்டிங்கைத் தவிருங்கள். மரை போட்ட எல்போ, டீ, கிளாம்ப், நட்டு-போல்ட்டு ஆகியவற்றால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். நாக்தேவி தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைக்காத கிளாம்ப் இல்லை.

வேறு வழியே இல்லையென்றால்

வீட்டில் ஏற்கெனவே நிற்கும் ஷெட்டைப் பழுதுபார்ப்பது போன்ற வேலைகளில் ஜி.ஐ. மீது வெல்டிங் செய்தே ஆக வேண்டியிருக்கலாம். அப்போது இவற்றைக் கவனியுங்கள்.

1. இடம்: திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். மூடிய பால்கனி, குளியலறை, கார் நிறுத்தும் அடித்தளம் எதுவும் கூடாது. காற்று பக்கவாட்டிலிருந்து வீசும்படி நில்லுங்கள். முதுகுப்பக்கமிருந்து வீசினால் புகை முகத்துக்கு முன்னாலேயே சுழலும். புகைக்கு நேர் மேலே தலையைக் குனிய வேண்டாம். மேலே ஜன்னல் திறந்திருக்கும் வீட்டுக்காரரையும் நினைவில் வையுங்கள்.

2. பூச்சை நீக்குதல்: ஒட்டும் இடத்தின் இருபுறமும் 5 செ.மீ. அளவுக்குக் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் மாட்டி, பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேயுங்கள். அந்தத் தூசியும் நல்லதல்ல. முகமூடியும் கண்ணாடியும் அப்போதே வேண்டும். கேஸ் அடுப்பிலோ டார்ச்சிலோ காட்டி எரித்து நீக்க முயல வேண்டாம். அதிலும் அதே புகைதான். ஆசிட் ஊற்றுவதும் வேண்டாம். அதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

3. பைப்பின் உட்புறம்: பலர் மறப்பது இதைத்தான். பைப்பின் உள்ளேயும் பூச்சு உண்டு. அங்கே கிரைண்டர் எட்டாது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளேயிருந்து புகை வரும், அது பைப்பின் முனை வழியாக வெளியேறும். முனைக்கு நேரே நிற்காதீர்கள். இரு முனைகளையும் திறந்தே வையுங்கள். இருபுறமும் அடைத்த பைப்பைச் சூடாக்கினால் உள்ளே காற்று விரிந்து வெடிக்கக்கூடும். மூடித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் ஒரு சிறு துளை போட்டுவிடுங்கள்.

4. முகமூடி: கைக்குட்டையும் துணி முகமூடியும் இந்தப் புகையைத் தடுக்காது. கொரோனா காலத்தில் நமக்கு அறிமுகமான என்-95 குறைந்தபட்சத் தேவை. ஃபில்டர் மாட்டும் ரப்பர் முகமூடியில் பி-100 ஃபில்டர் இன்னும் மேல். தாடி இருந்தால் எதுவும் முகத்தோடு சரியாகப் பொருந்தாது.

5. கண்: 10 அல்லது 11-ம் எண் கண்ணாடி போட்ட ஹெல்மெட் வேண்டும். கறுப்புக் கூலிங் கிளாஸ் போதாது. வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தாலே இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும்.

6. சுத்தம் செய்யும் திரவங்கள்: கிரீஸை நீக்க விற்கும் சில ஸ்பிரேக்களில் குளோரின் சேர்ந்த ரசாயனங்கள் இருக்கும். அது ஒட்டியிருக்கும் இடத்தில் வெல்டிங் வெளிச்சமும் சூடும் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்தினால் போதும்.

7. தெரியாத பூச்சு: பழைய இரும்புக் கடையிலிருந்து வரும் மஞ்சள் நிற போல்ட்டு, பிராக்கெட் போன்றவற்றில் காட்மியம் பூச்சு இருக்கலாம். வெறும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. காட்மியப் புகையும் முதலில் சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கி, ஓரிரு நாளில் நுரையீரலில் நீர் கோத்து உயிரையே பறிக்கக்கூடும். என்ன பூச்சு என்று தெரியாததைத் தொட வேண்டாம்.

தரையும் துணியும் ஈரமாக இருக்கும்போது மெஷினைத் தொடக்கூடாது என்பதையும், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, மெத்தை, தெர்மோகோல் பக்கத்தில் பொறி பறக்கக்கூடாது என்பதையும் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஒட்டிய பிறகு

மிச்சமிருக்கும் துத்தநாகம் ஜாயின்ட்டுக்குள் சிக்கிக்கொண்டால் அங்கே ஊசித் துளைகள் விழும். மேலே பார்த்தால் அழகாக இருக்கும், உள்ளே பொடிந்த புட்டு மாதிரி. துணி ஸ்டாண்டுக்குப் பரவாயில்லை. பாட்டியும் பேரனும் உட்கார்ந்து ஆடும் ஊஞ்சலுக்கு ஆகாது. ஆள் எடை தாங்கும் எதையும் அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுப்பதே உத்தமம். எதிர் ஃபிளாட்டுப் பையனின் ஃபிரேமையும் அப்படித்தான் கறுப்பு பைப்பில் புதிதாகச் செய்யச் சொன்னேன். செய்தார்கள், ஆடுகிறது.

ஒட்டிய இடத்தில் கசடைத் தட்டி, ஒயர் பிரஷ் போட்டு, ஜிங்க் ரிச் பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள். வெறும் அலுமினியம் பெயிண்ட் நிறத்தில் ஒத்துப்போகுமே தவிர, துத்தநாகம் போலத் தன்னை அரித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றாது. கடற்காற்று வீசும் ஊரில் அந்த வித்தியாசம் விரைவில் தெரிந்துவிடும்.

வெல்டிங் செய்த நாள் இரவு குளிர்காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை "இன்று ஜி.ஐ. வெல்டிங் செய்தேன்" என்பதுதான். அதைச் சொல்லாவிட்டால் அவர் மலேரியாவைத்தான் தேடுவார். மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வீட்டுப் பெண்மணிகளும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இரவு 10 மணிக்கு உடன் இருப்பவர்கள் அவர்கள்தான்.

நவராத்திரிக்குக் கொலுப்படி செய்ய நினைப்பவர்கள் துளையிட்ட ஆங்கிளும் நட்டு-போல்ட்டும் வாங்குங்கள். ஒரு ஸ்பானர் இருந்தால் ஒரே மாலையில் நிறுத்திவிடலாம். பண்டிகை முடிந்ததும் பிரித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். வெல்டிங் செய்த கொலுப்படியை ஆண்டு முழுவதும் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, நம் ஃபிளாட்டுகளில் எந்த இன்ஜினீயரும் இதுவரை பதில் கண்டுபிடிக்கவில்லை.