வளர்ச்சிக் கணக்கில் கிணறு எங்கே?

1863-ம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் புட் என்ற நிலவியல் அறிஞர், ஆதி மனிதனின் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஊருக்கு மேல் இன்று மீனம்பாக்கத்து விமானங்கள் பறக்கின்றன. கற்கருவியிலிருந்து விமானம் வரை வந்துவிட்ட மனிதனுக்கு இனி எதற்கும் குறைவில்லை என்று எழுதும் அறிஞர்கள் உண்டு.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன் இவர்களில் முக்கியமானவர். மனித அறிவு இருக்கும்வரை மூலப்பொருள் எதுவும் தீராது என்றார். 1980-ல் உயிரியல் அறிஞர் பால் ஏர்லிக்குடன் பந்தயமும் கட்டினார். செம்பு, நிக்கல் உள்ளிட்ட ஐந்து உலோகங்களின் விலை பத்தாண்டில் ஏறுமா, இறங்குமா என்பதே பந்தயம். 1990-ல் சைமனே வென்றார். அதை மறுக்க வேண்டாம். ஆனால் உலோகம் அருகினால் சந்தையில் விலை ஏறி எச்சரிக்கும். கிணற்று நீருக்கு எந்தச் சந்தை? மோட்டார் காற்றை இழுக்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். சென்னை வட்டாரத்தில் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. ஓர் ஏக்கரில் விழுவது சுமார் 56 லட்சம் லிட்டர். ஒரு போகம் நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ., அதாவது 48 லட்சம் லிட்டர் தேவை. மழை முழுவதும் பயிருக்குக் கிடைப்பதில்லை. ஓடியதும் ஆவியானதும் போக மீதிதான். ஆகவே இரண்டாம் போகம் என்றாலே ஏரி நீர், இல்லையேல் அடிநீர். எந்த வீரிய விதையும் மழையைக் கூட்டித் தராது.

ஏரி என்ன ஆயிற்று? பல்லாவரம் பெரிய ஏரியைத் துரைப்பாக்கம் செல்லும் 200 அடிச் சாலை இரண்டாகப் பிளந்துவிட்டது. அதன் உபரி நீர் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைய வேண்டும். அங்கே குப்பையும் கட்டடமும் விழுங்கியது போக மிஞ்சியதுதான் சதுப்பு. 2015 டிசம்பரில் வெள்ளம்; 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடங்களின் வரிசை. சாலை வரவில் ஏறியது. ஏரி செலவில் ஏறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், விளைச்சலைப் பெருக்கியவர்களே இப்படி மார்தட்டவில்லை. மண்வளம் காக்காத தீவிரச் சாகுபடியும், வரைமுறையின்றி நிலத்தடி நீரை இறைப்பதும் கேடு தரும் என்று எம்.எஸ். சுவாமிநாதன் 1968-லேயே எச்சரித்தார். நார்மன் போர்லாக் 1970-ல் நோபல் பரிசு பெற்றபோது, இது தற்காலிக வெற்றிதான் என்றார்.

நாம் செய்யக்கூடியது ஒன்று. தை மாதத்திலும் சித்திரையிலும் கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு கட்டி அளந்து நோட்டில் குறித்து வாருங்கள். மழை சரியாகப் பெய்தும் தை மட்டம் மூன்று ஆண்டு தொடர்ந்து இறங்கினால், நவரைப் பட்டத்தில் நெல்லை விட்டு உளுந்து, எள், கேழ்வரகு என்று மாறிக்கொள்ளலாம்.