தெற்கு மண்டலமா, மேற்கு மண்டலமா?

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாஷியின் கடற்கழி ஓரமாக உலாவச் செல்லும் தமிழர் கூட்டம் ஒன்று உண்டு. நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தோம். இவர்களுள் வாஷியிலேயே பிறந்தவர்கள் மிகச் சிலர். 1992-ஆம் ஆண்டில் மான்குர்த்திலிருந்து கழியைக் கடந்து வாஷிக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின்னர், மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் இருந்த நெருக்கமான குடியிருப்புகளை விட்டு, சற்றே காற்றோட்டம் தேடி இக்கரை சேர்ந்தவர்களே பெரும்பாலோர். உலாவி முடிந்து தேநீர்க் கடையில் அமர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஹாக்கியில் வந்து நிற்கும். கிரிக்கெட்டையே மூச்சாகக் கொண்ட இந்த மாநகரில் இது ஒரு விந்தைதான்.

வழக்கின் இரு தரப்புகளையும் நேயர்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறோம். முதல்வர் கோவில்பட்டிக்காரர். தாராவியில் முப்பது ஆண்டுகள் பலசரக்குக் கடை நடத்தியவர். எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'. கரிசல் மண் மைதானத்தில் கல்லூரிக்காக ஆடிய நாட்களை இன்றும் தேதிவாரியாகச் சொல்வார். மற்றவர் மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்து, வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரை வயது வேறுபாடின்றி எல்லோரும் 'மாமா' என்றே அழைப்பர். மாதுங்காவில் 1937-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட குருநானக் கால்சா கல்லூரியின் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வளர்ந்தவர். பின்னர்த் தாமும் மட்டையேந்தியவர். கல்லூரி ஹாக்கியில் தெற்கு மண்டலமே வலிது என்பது அண்ணாச்சியின் கட்சி. மேற்கு மண்டலத்துக்கு இணையில்லை என்பது மாமாவின் கட்சி.

இந்த மண்டலம் என்பது யாது? நமது பல்கலைக்கழகங்களுக்கிடையே நடைபெறும் விளையாட்டுப் போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமாகும். 1925-இல் பல்கலைக்கழகங்களிடை வாரியம் என்னும் பெயரில் தோன்றி, 1973-இல் இப்போதைய பெயரைப் பெற்றது அது. நாடு பெரிது, பல்கலைக்கழகங்களோ பல நூறு. எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் ஆடுவது இயலாத காரியம். ஆகவே நாட்டை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்காகப் பிரித்து, முதலில் மண்டலத்துக்குள் ஆட விடுகிறார்கள். தமிழகம், புதுவை, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகியவை தெற்கைச் சேர்ந்தவை. மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான் முதலியவை மேற்கைச் சேர்ந்தவை. ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகள் அகில இந்திய மண்டலங்களிடைப் போட்டிக்குச் செல்கின்றன.

வழக்கு எப்படி நடைபெறும் என்று நேயர்கள் எளிதில் ஊகிக்கலாம். அண்ணாச்சி ரங்கநாதன் பிரான்சிஸில் தொடங்குவார். இரங்கூனில் பிறந்து, சென்னைக் காவல் துறையில் பணிபுரிந்து, 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்ற அணிகளில் இடம் பெற்ற கோல் காவலர் அவர். மாமா உடனே, "1948-இல் லண்டனுக்குப் போன இன்னொரு கோல் காவலர் யார்? எங்கள் பம்பாயின் லியோ பிண்டோ" என்பார். அடுத்து, 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற அணியின் வி. ஜே. பிலிப்ஸ், 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன். இருவரும் சென்னையின் செல்வங்கள். அதே மாஸ்கோ அணியில் மெர்வின் பெர்னாண்டிஸ் இருந்தாரே என்று மாமா மடக்குவார். பிறகு வாக்கிம் கார்வாலோ, வீரன் ரஸ்கின்ஹா என்று பாந்திரா வட்டாரத்துப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும்.

தமிழகத்துப் பெயர்கள் தீரும் தறுவாயில் அண்ணாச்சி தம் எல்லையைச் சிறிது விரிவாக்கிக்கொள்வார். குடகு நாடு தெற்கு மண்டலத்தில் தானே இருக்கிறது? ஆகவே பி. பி. கோவிந்தாவும் எம். பி. கணேஷும் நம்மவர்கள். கேரளமும் தெற்கேதான். ஆகவே 1972-இல் வெண்கலம் பெற்ற மானுவல் பிரடெரிக்கும், டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் பெற்ற ஸ்ரீஜேஷும் நம்மவர்களே. காவிரி நீர்ப் பங்கீட்டைப் பற்றிப் பேசும் நாட்களில் அண்ணாச்சிக்கு இந்தத் தாராள மனம் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பல மாதங்கள் இவ்வாறே கழிந்தன. வழக்கு வேடிக்கையாகவே இருந்தது. சென்ற கோடையில் ஒரு நாள் அது வேடிக்கையாக இல்லாமற் போயிற்று. அண்ணாச்சியின் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தாள். பள்ளி அணியில் நடுக்களத்தில் ஆடுபவள். கல்லூரியிலும் ஆட வேண்டும் என்பது அவள் உறுதி. தமிழகத்தில் ஒரு கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் விடுதியும் தர முன்வந்தது. மும்பையிலும் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒன்று தெற்கு மண்டலம், மற்றது மேற்கு மண்டலம். தேநீர்க் கடைக்கு வந்து நின்ற அந்தப் பெண், "தாத்தா, இத்தனை நாள் வாதாடினீர்களே, எந்த மண்டலம் வலிது என்று இப்போது சொல்லுங்கள், நான் அங்கே போகிறேன்" என்றாள். இரு பெரியவர்களும் பெயர்ப் பட்டியலைத் தொடங்கினார்கள். அவள் சற்று நேரம் கேட்டுவிட்டு, "நீங்கள் இருவரும் சொன்ன பெயர்களில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லையே" என்றாள்.

அதற்கு விடை இல்லாமல் இல்லை. ஒலிம்பிக்கில் மகளிர் ஹாக்கி முதன்முதலில் சேர்க்கப்பட்டது 1980-இல். அந்த மாஸ்கோப் போட்டியில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் பம்பாயின் செல்மா டிசில்வா இருந்தார். 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய எலைசா நெல்சன் புனாவில் பிறந்தவர். 2002-இல் மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்றபோது கோலைக் காத்த ஹெலன் மேரி கேரளத்தவர். இவற்றையெல்லாம் தேடியெடுத்துச் சொன்னோம். ஆனால் சொல்லும்போதே நமக்கு ஓர் ஐயம் தோன்றிற்று. இந்தப் பெயர்கள் அவளுக்கு என்ன பயன் தரும்?

மண்டலத்தின் வலிமை என்று நாம் சொல்வது எதை? ஓர் எளிய கணக்கைக் கவனிப்போம். ஒரு மண்டலத்தில் அறுபது அணிகள் ஆடுவதாகக் கொள்வோம். அங்கே ஓர் அணி பெறும் ஒவ்வொரு வெற்றியும் அதே மண்டலத்தின் வேறோர் அணி அடையும் தோல்வியாகும். வெற்றிகளையும் தோல்விகளையும் கூட்டிப் பார்த்தால் எந்த ஆண்டிலும் இரண்டும் சமமாகவே இருக்கும். மண்டலம் முழுவதும் சிங்கங்களே ஆடினாலும் சரி, முழுவதும் பூனைகளே ஆடினாலும் சரி, கணக்கில் மாற்றம் இராது. ஆகவே, "எங்கள் அணி மண்டலத்தில் ஒரு கோல்கூட வாங்காமல் வென்றது" என்று பெருமை பேசுவது அந்த அணிக்குச் சிறப்பாக இருக்கலாம்; மண்டலத்துக்கு அது சான்றாகாது. ஒருவேளை மற்ற அணிகள் நலிந்துவிட்டன என்பதற்கே அது சான்றாகலாம்.

மண்டலத்துக்கு வெளியே சென்று ஆடும் ஆட்டங்களே இரு மண்டலங்களை ஒப்பிட உதவும். அவையோ மிகச் சில. தெற்கின் நான்கு அணிகளும் மேற்கின் நான்கு அணிகளும் ஓர் ஆண்டில் எத்தனை முறை நேருக்கு நேர் சந்தித்துவிடும்? விரல் விட்டு எண்ணிவிடலாம். ஹாக்கியிலோ ஒரே ஒரு பெனால்டி கார்னர் ஆட்டத்தின் தலைவிதியை மாற்றிவிடும். நூறு ஆட்டங்கள் ஆடினால் அறுபதில் வெல்லக்கூடிய வலிய அணி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆட்டம் ஆடினால் அது தோற்பதற்கு நூற்றுக்கு 40 வாய்ப்பு உண்டு. மூன்று ஆட்டங்களில் இரண்டில் வெல்பவரே வெற்றியாளர் என்று விதித்தாலும், அந்த வலிய அணி தோற்க நூற்றுக்கு 35 வாய்ப்பு எஞ்சி நிற்கும். இவ்வளவு சிறிய சாட்சியத்தை வைத்துக்கொண்டா அண்ணாச்சியும் மாமாவும் இருபது ஆண்டுகளாக வழக்காடினார்கள்! (பல்கலைக்கழக விளையாட்டில் ஒட்டுமொத்தச் சாதனைக்காக 1956-57 முதல் வழங்கப்படும் மௌலானா ஆசாத் கோப்பையை மிகுதியான முறை வென்றது அமிர்தசரஸின் குருநானக் தேவ் பல்கலைக்கழகம். தெற்கும் மேற்கும் வாஷியில் சண்டையிட்டுக்கொண்டிருக்க, கோப்பை பஞ்சாபில் இருந்திருக்கிறது.)

மேலும், ஒலிம்பிக் வீரர்களின் பெயர்கள் ஒரு மலைத்தொடரின் சிகரங்களைப் போன்றவை. சிகரம் எவ்வளவு உயரம் என்பது ஒன்று. சமவெளி எவ்வளவு உயரத்தில் கிடக்கிறது என்பது வேறொன்று. கல்லூரிக்குப் புதிதாக வரும் மாணவிக்கு முக்கியமானது சமவெளிதான். மண்டலத்தின் முதல் அணி எப்படி என்பதைவிட, எட்டாவது அணியும் பதினாறாவது அணியும் எப்படி ஆடுகின்றன என்பதே அவளுடைய ஆட்டத்தைத் தீட்டும். வலிய எதிரி வாரந்தோறும் கிடைத்தால் அவள் வளர்வாள். பத்துக் கோல் வித்தியாசத்தில் வெல்லும் ஆட்டங்களில் யாரும் எதையும் கற்பதில்லை.

வீரர்களை மண்டலவாரியாகப் பிரிப்பதிலும் தொல்லை இருக்கிறது. தன்ராஜ் பிள்ளையை எந்தக் கணக்கில் எழுதுவது? தமிழ்க் குடும்பம், ஆயினும் அவர் 1968-இல் பிறந்தது புனாவை அடுத்த கட்கியில். தந்தையார் படைக்கலத் தொழிற்சாலையில் மைதானப் பராமரிப்பாளர். உடைந்த மட்டைகளைக் கட்டிச் சரிசெய்துகொண்டு ஆடப் பழகிய பிள்ளைகள் அவர்கள். அண்ணன் ரமேஷ் செம்பூரில் உள்ள ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலையின் அணிக்கு ஆட வந்தார். தம்பியும் அவரைத் தொடர்ந்து பம்பாய்க்கு வந்தார். பின்னர் மகிந்திரா அணியில் சேர்ந்து, நான்கு ஒலிம்பிக்குகளிலும் நான்கு உலகக் கோப்பைகளிலும் ஆடி, 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த தலைவரானார். அவர் தமிழர் என்று அண்ணாச்சி உரிமை கொண்டாடுவார். மராட்டிய மண்ணில் விளைந்தவர் என்று மாமா மறுப்பார். உண்மையில் அவர் கல்லூரி மண்டலம் எதன் வழியாகவும் வந்தவர் அல்லர். தொழிற்சாலை அணிகளின் வழியாக வந்தவர். வெளி மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகளின் கதையும் பெரும்பாலும் இப்படித்தான் ஒரு கட்டத்துக்குள் அடங்காமல் நிற்கிறது.

இனி, தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஹாக்கி செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டது. அதுவரை பதக்கமின்றித் திரும்பி அறியாத இந்தியா அங்கே ஏழாம் இடம் பெற்றது. மண்ணிலும் இயற்கைப் புல்லிலும் பந்து தாவும். அதை மட்டையோடு ஒட்டி இழுத்துச் செல்லும் கைத்திறனே நம் மூலதனமாக இருந்தது. செயற்கைத் தரையில் பந்து வழுக்கி விரையும். வேகமும் உடல் வலிமையும் முன்னுக்கு வந்தன. அத்தகைய தரை அமைக்கப் பல கோடி ரூபாய் வேண்டும். தண்ணீரும் ஏராளமாக வேண்டும். எனவே கல்லூரி மைதானங்கள் பின்தங்கின. அரசின் விளையாட்டு விடுதிகளும் ஹாக்கிப் பயிற்சிக் கழகங்களும் முன்வந்தன. கோவில்பட்டியில் அவ்வாறான விடுதியும் செயற்கைத் தரையும் உண்டு. அங்கே பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022-இல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். மும்பையில் சர்ச்கேட் அருகே ஹாக்கிச் சங்கத்தின் மைதானம் உண்டு. வாஷியிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து ஒருவர் அங்கே போய்ச் சேரலாம்.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு நாம் சொன்ன யோசனை இது. எந்த மண்டலம் வலிது என்று கேட்காதே. அதற்கு நம்மில் யாரிடமும் நேர்மையான விடை இல்லை. இரண்டு கல்லூரிகளுக்கும் நான்கு கேள்விகளை எழுதியனுப்பு. வாரத்தில் எத்தனை நாள் செயற்கைத் தரையில் பயிற்சி? மகளிர் அணிக்கென்று தனிப் பயிற்சியாளர் உண்டா? சென்ற ஆண்டில் மண்டலப் போட்டி தவிர வேறு எத்தனை ஆட்டங்கள் ஆடினீர்கள்? படிப்பு முடிந்தபின் ரயில்வே முதலிய அணிகளில் உங்கள் மாணவிகள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? மகளிர் தேசியப் போட்டிகளில் ரயில்வே அணி நெடுங்காலமாக ஆதிக்கம் செலுத்துவதை அறிந்தவர்களுக்குக் கடைசிக் கேள்வியின் கனம் விளங்கும்.

மாமா தாமே தாளும் பேனாவும் வாங்கிக் கேள்விகளை எழுதித் தந்தார். அண்ணாச்சிக்கு இந்த ஏற்பாட்டில் அவ்வளவு திருப்தி இல்லை. கோவில்பட்டிக் கல்லூரிகளின் பெருமையைக் கடிதத்தில் எழுதுவது எப்படி என்று கேட்டார். மூன்று வாரங்களில் இரு பதில்களும் வந்தன. தமிழகக் கல்லூரி வாரத்தில் ஐந்து நாள் தரைப் பயிற்சி என்று எழுதியிருந்தது. மும்பைக் கல்லூரி இரண்டு நாள் என்று எழுதியிருந்தது. ஆனால் ஆண்டு முழுவதும் ஆடிய வெளி ஆட்டங்களின் பட்டியல் நீளமாக இருந்தது. பெண்ணின் தாயார், "அவ்வளவு தூரம் தனியாகவா?" என்று ஒரே கேள்வியைக் கேட்டார், அது நம் நான்கு கேள்விகளில் இடம் பெறவில்லை.

ஜூன் மாதத்தில் அவள் தெற்கே புறப்பட்டாள். தாதர் ரயில் நிலையத்துக்கு மாமாவும் வந்திருந்தார். புதிய மட்டை ஒன்றை உறையோடு அவள் கையில் கொடுத்துவிட்டு, "மண்டலங்களிடைப் போட்டியில் எங்கள் மும்பையோடு ஆட நேர்ந்தால் ஒரு கோலோடு நிறுத்திக்கொள், அம்மா" என்றார்.