விழுப்புண்ணும் தொடாக்காஞ்சியும்

மார்பிலும் முகத்திலும் பட்ட புண்ணை விழுப்புண் எனப் போற்றுவது தமிழ் மரபு. முதுகிற் பட்டதோ புறப்புண். வெண்ணிப் போரில் அதனை உற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்த செய்தியைப் புறநானூறு கூறும். ஆயின், புண்ணோடு வீடு திரும்பிய வீரனின் நிலை யாது? அதனையும் நம் முன்னோர் எண்ணினர். புண்ணுற்ற கணவனைப் பேய் அணுகாவண்ணம் மனைவி காத்தலைத் தொடாக்காஞ்சி எனத் தொல்காப்பியம் ஒரு துறையாகவே வகுத்தது. மனையில் வேம்பு செருகி, வெண்சிறுகடுகு சிதறி, நறும்புகை எழுப்பி, காஞ்சிப் பண் பாடிக் காக்கும் காட்சியை அரிசில்கிழாரின் பாட்டில் (புறம். 281) காணலாம்.

போர் ஓய்ந்த பின்னும் புண் ஓய்வதில்லை என்பதற்கு மருத்துவ வரலாற்றிலிருந்து இரண்டு சான்றுகளை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது உடற்புண். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தோர் பல்லாயிரவர். பிலடெல்பியா நகர மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் அவர்களை ஆராய்ந்தார். வெட்டி நீக்கப்பட்ட கை இன்னும் இருப்பதாகவும், அதன் விரல்கள் இறுக மடங்கி நோவதாகவும் வீரர் கூறினர். 1871-இல் மிட்செல் இதற்கு 'மாய உறுப்பு' எனப் பொருள்படும் பெயரை இட்டார்.

இது வெறும் கற்பனையன்று. உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. உறுப்பு போயினும் அவ்விடம் போவதில்லை. பள்ளியை விட்டு நீங்கிய மாணவனின் பெயர் பதிவேட்டில் அடிக்கப்படாதிருந்தால் ஆசிரியர் நாள்தோறும் அதனை அழைப்பார் அன்றோ? மூளையும் அவ்வாறே அழைக்கின்றது. அறுபட்ட நரம்பு நுனிகளும் பொய்ச்செய்தி அனுப்பி வலியை வளர்க்கின்றன.

இந்நோவைத் தணிக்க வழி கண்டோருள் ஒருவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன். எஞ்சிய கையின் நிழலைக் கண்ணாடியில் காட்டி, இழந்த கையே அசைவதாக மூளையை நம்பச் செய்யும் முறையை அவர் 1990-களில் அமைத்தார். வால்டர் ரீட் படை மருத்துவமனையில் கால் இழந்த வீரரிடம் இம்முறையைக் கையாண்டு வலி தணியக் கண்ட ஆய்வு 2007-இல் வெளிவந்தது.

இரண்டாவது மனப்புண். முதல் உலகப் போரில் உடலில் ஒரு கீறலும் இன்றிச் சிலர் நடுங்கினர், சிலர் பேச்சிழந்தனர், சிலர் உறக்கம் இழந்தனர். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் இதனைக் குண்டதிர்ச்சி என்ற பெயரால் மருத்துவ இதழில் எழுதினார். குண்டின் அதிர்வே காரணம் என முதலில் கருதினர். பின்னர், குண்டு வெடிக்காத இடத்தில் இருந்தோரிடமும் இந்நோய் தோன்றக் கண்டனர். எனினும், நோயுற்றோரைக் கோழைகள் என இகழ்ந்தோர் பலர். படையை விட்டு ஓடியமை, கோழைமை முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்ற 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவருள் மனம் சிதைந்தோரும் இருந்தனர் என்பது பலர் கருத்து. வியட்நாம் போருக்குப் பின், 1980-இல், அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் இத்துயரைத் தனி நோயாக ஏற்றது.

இவ்விரு வகையாரும் நோயினால் மட்டும் துன்புறவில்லை. தம் சொல்லை உலகம் நம்பாமையாலும் துன்புற்றனர். புண் எங்கே எனக் கேட்போர்க்குக் காட்ட அவர்களிடம் ஒன்றும் இல்லை. மனப்புண்ணைப் புறப்புண்ணாகவே உலகம் எண்ணியது.

பேய் உண்டு என்று இன்று நாம் கொள்ளவேண்டியதில்லை. புண்பட்டவன் அருகில் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பதே தொடாக்காஞ்சியின் உட்பொருள். நள்ளிரவில் அலறி எழும் வீரனுக்கு இன்றும் அத்துணையே முதல் மருந்து. ஆகவே, வகுப்பறையில் விழுப்புண்ணின் பெருமையை உரைக்கும் ஆசிரியர், அதனோடு நிறுத்தாது தொடாக்காஞ்சியையும் சேர்த்துக் கற்பிப்பாராக. வீரத்தைப் புகழ்வது எளிது. வீரனைக் காப்பதே அரிது.