மாலையில் மணக்கும் இலைகள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் பூக்கடைகள் பல உள்ளன. அங்குத் தொங்கும் மாலைகளைக் காண்போரின் கண்கள் முதலில் ரோஜாவையும் மல்லிகையையும் சாமந்தியையுமே நாடும். பூக்களுக்கு இடையே உள்ள பச்சை இலைகளைப் பலர் கவனிப்பதில்லை. ஆயினும், மாலைக்கு நிறப்பொலிவையும் நறுமணத்தையும் தருவதில் அந்த இலைகளுக்கும் பெரும்பங்கு உண்டு.

தழைகளை அணியும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. சங்க காலப் பெண்கள் தழையாடை அணிந்ததைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. இன்றும் பெருமாளுக்குத் துளசி மாலையும் சிவபெருமானுக்கு வில்வ மாலையும் சாற்றப்படுகின்றன. மல்லிகை, கனகாம்பரம் ஆகியவற்றோடு மருக்கொழுந்தையும் சேர்த்துத் தொடுக்கும் சரம் ‘கதம்பம்’ எனப்படும். புரட்டாசி மாதச் சனிக்கிழமைகளில் துளசி மிகுதியாகத் தேவைப்படும்.

மூலிகை இலைகள் மணப்பதற்குக் காரணம் என்ன? துளசி, திருநீற்றுப்பச்சிலை, புதினா ஆகியவற்றின் இலைகள்மீது கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. இலையைக் கசக்கினால் அவை உடைந்து, எண்ணெய் ஆவியாகி மணம் பரவும். எனவே, மாலை தொடுக்கும்போது இலைகளை அழுத்திப் பிடிக்கக்கூடாது. தொடுக்கும்போதே சுரப்பிகள் உடைந்துவிட்டால், மாலையைச் சூட்டும் வேளையில் மணம் குறைந்துவிடும். நசுங்கிய இடங்களும் கறுத்துப்போகும்.

செடியிலிருந்து பறித்த பின்னரும் இலை உயிருடன்தான் இருக்கிறது. அது சுவாசிக்கிறது, தன்னிடமுள்ள நீரை நுண்துளைகள் வழியே வெளியேற்றுகிறது. ஆனால், வேரிலிருந்து நீர் கிடைக்காததால் இலை வாடத் தொடங்குகிறது. கோலாலம்பூரில் நண்பகல் வெப்பம் பெரும்பாலும் 32 பாகை செல்சியசை எட்டுவதால், இலை இன்னும் விரைவாக வாடும். ஆகவே, வெயில் ஏறுமுன் அதிகாலையிலேயே இலைகளைப் பறிப்பது நல்லது.

பறித்த இலைகளைக் கழுவி, நீரை உதறிவிட வேண்டும். பின்னர், ஈரத்துணியில் தளர்வாகச் சுற்றி நிழலில் வைக்கலாம். ஈர இலைகளை நெகிழிப்பையில் அடைத்து இறுகக் கட்டினால் அவை அழுகிவிடும். குவியலாகப் போட்டு வைத்தாலும் நடுவில் உள்ள இலைகள் வெப்பமேறிப் பழுக்கும். பழுத்த வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் அருகில் வைக்கக்கூடாது. அப்பழங்கள் வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு, இலைகளை மஞ்சளாக்கி உதிரச் செய்யும். பூசைத் தட்டில் பழமும் மாலையும் ஒன்றாக இருப்பது வழக்கமே. எனினும், பூசை நேரம் வரும்வரை அவற்றைத் தனித்தனியே வைப்பது சிறந்தது.

குளிர்பதனப்பெட்டியில் வைத்தால் எல்லா இலைகளும் வாடாமல் இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். ரோஜாவும் சாமந்தியும் குளிரில் நெடுநேரம் வாடாமல் இருக்கும், புதினாவும் அவ்வாறே. ஆனால், புதினாவின் குடும்பத்தைச் சேர்ந்த துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் வெப்ப மண்டலச் செடிகள். வீட்டுக் குளிர்பதனப்பெட்டியின் வெப்பநிலை ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ். அக்குளிரைத் தாங்காமல் அவற்றின் இலைகள் கறுத்துவிடும். துளசிக்கொத்தைக் காம்பு மட்டும் நீரில் நனையுமாறு குவளையில் நிறுத்தி, அறையின் குளிர்ந்த மூலையில் வைப்பதே தகுந்த முறையாகும். நீரில் மூழ்கும் இலைகளை முன்னரே நீக்கிவிட வேண்டும். நீரையும் நாள்தோறும் மாற்ற வேண்டும்.

மாலை தொடுப்பவர் அதிகாலையில் எழுந்து உழைக்கிறார். ஒரு கூடைத் துளசி கறுத்துப்போனால், அவருடைய அன்றைய வருமானம் குறையும். அதை நம்பியிருந்தவரின் பூசைக்கும் மாலை கிடைக்காது. ஒவ்வோர் இலையின் இயல்பையும் அறிந்து பேணினால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். வாடிய பின்னும் அந்த இலை வீணாவதில்லை. நூலையும் சரிகையையும் பிரித்துவிட்டுப் பூவையும் இலையையும் மட்கச் செய்தால், அவை வீட்டுத் துளசிச்செடிக்கே உரமாகும்.