பழைய கணினி எந்த இடத்தில் நிற்கிறது?

புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே போனால் ரெட்டியார்பாளையம், அதைத் தாண்டினால் மூலக்குளம். இரண்டுமே உழவர்கரை நகராட்சிக்குள் வருபவை. 2011 கணக்கெடுப்பில் இந்த நகராட்சியின் மக்கள்தொகை 3 லட்சம். பக்கத்திலிருக்கும் புதுச்சேரி நகராட்சியைவிட அதிகம். லாஸ்பேட்டைக் கல்லூரிகள், தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள் என்று படிப்பும் வேலையும் நெருங்கிக் கிடக்கும் இந்தப் பகுதியில், பீரோ மேல் ஒரு பழைய மடிக்கணினி சும்மா கிடக்கும் வீடுகள் ஏராளம்.

அவை வந்த வழிகள் பல. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களின் கையில் முதல் கணினியைக் கொடுத்தது. புதுச்சேரி அரசும் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியது. பிரான்சில் இருக்கும் சித்தப்பாவோ அத்தையோ ஊருக்கு வரும்போது விட்டுவிட்டுப் போன கணினியும் சில வீடுகளில் உண்டு.

இந்தக் கணினிகளுக்கு இப்போது ஒரு நெருக்கடி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கிறது. இன்டெல் செயலி என்றால், ஒருசில விதிவிலக்குகள் போக, 2017-ல் வந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்கிறது. திரை எரிகிறது, விசைப்பலகை வேலை செய்கிறது, செயலியும் ஓடுகிறது. ஆனாலும் மென்பொருள் இந்தக் கணினியை ஓய்வுபெறச் சொல்லிவிட்டது.

எனவே பலரும் லினக்ஸ் போன்ற வேறு ஓஎஸ் போட்டுப் பார்க்கிறார்கள். பாதியில் கருந்திரையோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது முறையும் நின்றால் ‘மதர்போர்டு போயிடுச்சு’ என்று தீர்ப்பு எழுதி, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். ஐநா அமைப்புகளின் கணக்குப்படி 2022-ல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் 22.3 சதவீதம்தான். அந்தக் குவியலில் ஒரு கணினியைச் சேர்க்கும் முன், அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பது அவசியம். நின்ற இடம் தெரிந்தால் காரணம் பாதி தெரிந்த மாதிரி.

கட்டட வேலையில் கீழிருந்து மாடிக்குச் செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்போம். ஆட்கள் வரிசையாக நின்று ஒருவர் எடுத்துக்கொடுக்க அடுத்தவர் வாங்குவார். மேலே கல் வரவில்லை என்றால், எந்த இருவருக்கு இடையில் விழுந்தது என்றுதான் மேஸ்திரி பார்ப்பார். கணினி தொடங்குவதும் இப்படித்தான். பவர் பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் விழித்து நினைவகத்தைச் சோதிக்கிறது. பிறகு பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ இருக்கும் தொடக்க நிரலைத் தேடிப் பிடிக்கிறது. அந்த நிரல் ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் திரையையும் வட்டையும் வலையமைப்பையும் அடையாளம் கண்டு, நிறுவும் நிரலிடம் ஒப்படைக்கிறது.

முதல் கையிலேயே விழுந்தால் திரையில் ஒன்றும் வராது. பீப் ஒலி மட்டும் கேட்கலாம். கடற்கரை ஊர்களில் இதற்கு அடிக்கடி அகப்படும் காரணம் ரேம். உப்பும் ஈரமும் கலந்த காற்றில் பல வருடம் கிடந்த ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படிந்துவிடும். சர்வீஸ் கடைக்காரர் பேட்டரியைக் கழற்றி, ரேமை உருவி, வெள்ளை அழிரப்பரால் அந்த முனைகளை மெதுவாகத் தேய்த்து, தூள் தட்டி மறுபடி செருகுவார். ‘டக்’ என்று இரண்டு பக்கக் கொக்கியும் விழ வேண்டும். இந்த 5 நிமிட வேலையில் உயிர்பெற்ற கணினிகள் நிறைய. தொடங்கியபின் நிறுவும்போது ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நின்றால், அப்போதும் சந்தேகம் ரேம் மேல்தான் போக வேண்டும். மெம்டெஸ்ட்86+ என்ற இலவசச் சோதனையை ஓர் இரவு ஓடவிட்டால், பழுதான நினைவகம் சிவப்பு வரிகளில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது கைமாற்றத்தில்தான் பெரும்பாலான முயற்சிகள் சறுக்குகின்றன. பதிவிறக்கிய ஓஎஸ்ஸின் ஐஎஸ்ஓ கோப்பைப் பாட்டைக் காப்பி செய்வதுபோல் பென் டிரைவில் இழுத்துப் போட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. பயாஸுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. 1980-களிலிருந்து அதற்குத் தெரிந்தது, வட்டின் முதல் 512 பைட்டைப் படிப்பது மட்டும்தான். அந்த 512-ன் கடைசி இரண்டு பைட்டுகளில் 55, ஏஏ என்ற அடையாளம் இருந்தால் அங்குள்ள நிரலை ஓட்டும்; இல்லையென்றால் அடுத்த வட்டுக்குப் போய்விடும். ரூஃபஸ், வென்டாய் போன்ற கருவிகள் பென் டிரைவின் தொடக்கத்தில் இந்த நிரலைச் சரியாக எழுதித் தருகின்றன.

பயாஸுக்கு அடுத்து வந்த யூஈஎஃப்ஐ-க்குக் கோப்பு படிக்கத் தெரியும். ஆனால் அது எல்லாக் கணினியிலும் நம்பிப் படிப்பது ஃபேட்32 என்ற பழைய வடிவத்தைத்தான். ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விண்டோஸ் நிறுவல் கோப்பு அந்த அளவைத் தாண்டிவிடுவதால், கையால் காப்பி செய்பவர்களின் முயற்சி அங்கேயே முடிந்துவிடுகிறது. 2013, 2014 வாக்கில் வந்த சில ஆட்டம் செயலிக் கணினிகளின் கதை இன்னும் விசித்திரம். செயலி 64 பிட், யூஈஎஃப்ஐ மட்டும் 32 பிட். வழக்கமான 64 பிட் பென் டிரைவை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. 32 பிட் தொடக்கக் கோப்பையும் சேர்த்துத் தரும் டெபியன் லினக்ஸ் நிறுவியைப் போட்டால் உடனே ஏற்றுக்கொள்ளும்.

பதிவிறக்கம் முழுமையா என்று பார்க்காமல் போவதும் உண்டு. ஒவ்வொரு ஐஎஸ்ஓவுடனும் 64 எழுத்துகள் கொண்ட ஷா256 சரிபார்ப்புக் குறியீட்டை வெளியிடுகிறார்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் குறியீடு அடையாளமே தெரியாமல் மாறிவிடும். இரண்டையும் ஒப்பிட ஒரு நிமிடம் போதும். ஒப்பிடாமல் விட்டவர்கள், 80 சதவீதத்தில் நின்ற நிறுவலுக்கு ஹார்டு டிஸ்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது கை கெர்னல். பழைய செயலியும் புதிய மென்பொருளும் நேருக்கு நேர் மோதுவது இங்கேதான். 2003-ல் வந்த பென்டியம் எம் செயலிகளை எடுத்துக்கொள்ளலாம். 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைக் கையாளும் பிஏஈ வசதி அவற்றில் உண்டு. ஆனால் தொடக்கத்தில் வந்தவற்றில், ‘எனக்கு அது தெரியும்’ என்று சொல்லும் குறியீட்டை இன்டெல் வைக்கவில்லை. லினக்ஸ் கெர்னல் கேட்டது, செயலி இல்லை என்றது, நிறுவல் நின்றது. பின்னாளில் நிரலாளர்கள் ‘ஃபோர்ஸ்பே’ என்ற ஒற்றைச் சொல்லைத் தொடக்க வரியில் சேர்க்கும் வழியைக் கொண்டுவந்தார்கள். உபயோகமற்றவை என்று கருதப்பட்ட கணினிகள் அந்த ஒரு சொல்லால் மறுபடி ஓடின.

எல்லாவற்றுக்கும் இப்படி மாற்றுவழி அமையாது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு, எஸ்எஸ்ஈ4.2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத செயலியில் தொடங்கவே தொடங்காது. 2006-ல் வந்து உலகெங்கும் விற்ற கோர் 2 டுயோவில் அந்தத் தொகுப்பு இல்லை. டிபிஎம் சோதனையைத் தந்திரமாகத் தாண்டியவர்களும் இந்தச் சுவரைத் தாண்ட முடியாது, ஏனென்றால் இல்லாத கட்டளையைச் செயலி எங்கிருந்து கொண்டுவரும்? அதே கோர் 2 டுயோவில் இன்றைய 64 பிட் லினக்ஸ் தடையில்லாமல் ஏறுகிறது.

கெர்னல் ஏறியும் திரை கறுப்பாகவே இருந்தால், கிராபிக்ஸ் இயக்கிக்கும் திரைக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். கிரப் என்ற லினக்ஸ் தொடக்கப் பட்டியலில் ‘ஈ’ விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் நோமோட்செட் என்று ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தொடங்கினால், கெர்னல் நுணுக்கமான திரை அமைப்பை விட்டுவிட்டு எளிய காட்சியோடு வரும். நிறுவி முடித்துவிட்டுச் சரியான இயக்கியைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

அடுத்தது வட்டு. நிறுவும் நிரல் ‘வட்டு எதுவும் இல்லை’ என்றால், பயாஸில் சாட்டா முறை ரெய்டு என்றிருக்கிறதா என்று பார்த்து ஏஎச்சிஐ-க்கு மாற்ற வேண்டியிருக்கும். ஏற்கெனவே இருக்கும் விண்டோஸும் வேண்டும் என்றால் அவசரப்படக் கூடாது. அந்த மாற்றத்துக்குப் பிறகு அது நீலத்திரையில் நின்றுவிடக்கூடும். வட்டு தெரிகிறது, எழுதும்போது மட்டும் நத்தைபோல் ஊர்கிறது என்றால் அதன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் படிக்க வேண்டும். ‘நிலுவையில் உள்ள செக்டர்கள்’ என்ற எண் பூஜ்ஜியமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் அந்த வட்டை நம்பக் கூடாது. படங்களையும் சான்றிதழ்களையும் முதலில் வெளியே எடுத்துவிட்டு, ஒரு சிறிய எஸ்எஸ்டியை மாட்டுவதுதான் புத்திசாலித்தனம். பழைய கணினியின் வேகத்தை இந்த ஒரு மாற்றம்போல் வேறெதுவும் கூட்டுவதில்லை.

யாரும் சந்தேகப்படாத குற்றவாளி ஒன்று உண்டு: சிஆர்2032. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய, 3 வோல்ட் வட்டப் பேட்டரி. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைப்பது இதுதான். பீரோ மேல் பல வருடம் கிடந்த கணினியில் இது தீர்ந்துபோய், தேதி 2009 ஜனவரி 1 போல எங்கேயோ பின்னால் போய் நிற்கும். இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்ள முடியாதபோது சிக்கல் தொடங்குகிறது. இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று உலாவி மறுக்கும். மென்பொருள் பட்டியல் எதிர்காலத் தேதியில் இருக்கிறது என்று நிறுவும் நிரலும் மறுக்கும். பார்ப்பவருக்கு நெட் கோளாறு போலத்தான் தெரியும். நேற்று மாற்றிவைத்த சாட்டா அமைப்பு இன்று பழைய நிலைக்குத் திரும்பியிருந்தாலும் காரணம் இதே பேட்டரிதான். வாட்ச் கடையில் கிடைக்கும்.

பிரான்சிலிருந்து வந்த கணினியில் இன்னொரு கண்ணி. அதன் விசைப்பலகை அசெர்ட்டி வகை; க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ, டபிள்யூ இடத்தில் இசட், எல்லுக்கு வலப்பக்கம் எம். நிறுவும்போது மொழி கேட்ட இடத்தில் வழக்கப்படி அமெரிக்க ஆங்கிலம் கொடுத்துவிட்டு, ‘மழை’ என்பதை ஆங்கில எழுத்தில் கடவுச்சொல்லாக அடித்தால், எம்முக்குப் பதில் அரைப்புள்ளி, ஏவுக்குப் பதில் க்யூ, இசட்டுக்குப் பதில் டபிள்யூ பதிவாகும். திரையில் புள்ளிகள் மட்டும் தெரிவதால் கண்ணுக்கு ஒன்றும் படாது. பிறகு பிரெஞ்சு விசைப்பலகைக்கு மாற்றியதும், சரியாக அடித்த கடவுச்சொல்லையே கணினி தவறு என்று சொல்லும். கிரப் பட்டியல் வழக்கமாக அமெரிக்க அமைப்பையே எடுத்துக்கொள்வதால், நோமோட்செட் அடிக்கும்போதும் எம் என்று அச்சிட்ட விசையில் எம் வராது.

எந்த ஓஎஸ் போடலாம்? 2 ஜிபி ரேம் உள்ள 64 பிட் கணினிக்கு எல்எக்ஸ்க்யூடி அல்லது எக்ஸ்எஃப்சிஈ திரையோடு டெபியன், லுபுண்டு, இன்னும் இளைத்த ஆன்டிஎக்ஸ் என்று தேர்வுகள் இருக்கின்றன. 32 பிட் கணினிக்கு வாய்ப்பு சுருங்கிவருகிறது. உபுண்டு 2017-லேயே 32 பிட் டெஸ்க்டாப் நிறுவியைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் அந்த நிறுவி இல்லை. 2023-ல் வந்த டெபியன் 12-ஐப் போட்டால் 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு. வைஃபை சில்லுகளுக்கான ஃபர்ம்வேரும் அந்தப் பதிப்பிலிருந்து நிறுவியிலேயே சேர்ந்து வருகிறது. முன்பு அதற்காக இன்னொரு பென் டிரைவ் தேட வேண்டியிருந்தது.

லினக்ஸ் இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் அடிப்படையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும் விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் மாணவர்களிடையே கட்டற்ற மென்பொருளைப் பரப்பிவருகின்றன. தனியாக உட்கார்ந்து கருந்திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, கணினியைத் தூக்கிக்கொண்டு இப்படி ஒரு குழுவிடம் போவது நல்லது. போகும்போது எந்த இடத்தில் நின்றது, திரையில் வந்த கடைசி வரி என்ன என்று செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

எல்லாம் ஒழுங்காக நடந்து கோடு 100 சதவீதம் தொட்டபிறகும் ஒரு கைமாற்றம் பாக்கி. பென் டிரைவை எடுத்துவிட்டு என்டர் தட்டுங்கள் என்று திரை சொல்லும். அதைப் படிக்காமல் தட்டினால், பயாஸ் மறுபடி பென் டிரைவையே முதலில் பிடித்து, பழைய வரவேற்புத் திரையைக் கொண்டுவந்து நிறுத்தும். ஓஎஸ் ஏறவே இல்லை என்று நினைத்து முதலிலிருந்து தொடங்குபவர்கள் உண்டு. கணினியை அணைத்து, பென் டிரைவை உருவி, மறுபடி பவர் பொத்தானை அழுத்தினால் போதும்; இந்த முறை பயாஸ் ஹார்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும்.