எதற்காக என்றும் எழுதுங்கள்!

பெங்களூரிலும் புனேயிலும் மென்பொருள் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அடிக்கடி 'டிக்கெட்' என்கிறார்கள். ரயில் டிக்கெட் அல்ல. செய்யவேண்டிய வேலையைப் பதியும் கணிப்பொறிக் குறிப்பு. முன்பு தடித்த ஆவணங்களாக இருந்ததை, 2001-இல் அமெரிக்காவில் 17 நிபுணர்கள் கூடி வெளியிட்ட 'அஜைல்' கொள்கைக்குப் பின் பலரும் சிறு குறிப்புகளாக்கி, 'ஜிரா' போன்ற மென்பொருள்களில் பதிகிறார்கள்.

நல்ல குறிப்பில் மூன்று இருக்கவேண்டும்: யாருக்கு, என்ன, எதற்காக. "ஊருக்குப் போகும் பயணிக்கு, இடம் கிடைத்ததா என்று செல்போனில் செய்தி வரவேண்டும், வீணாக ஸ்டேஷனுக்கு அலையாமலிருக்க." கடைசி வரியை விட்டுவிட்டால், ரயில் புறப்படும்போது செய்தி அனுப்பினாலும் வேலை முடிந்ததாகிவிடும்!

எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போனபின், புதிதாக வரும் பிள்ளைக்கு அந்தக் குறிப்புதான் துணை. பேசித் தெளிந்ததையும் அதிலேயே எழுதிவையுங்கள், இளைஞர்களே!